கேட்டுக்காரர் சின்னத்தம்பியும் நாலாவது கேள்வியும்

ஜோகூரில் தம்போயைத் தாண்டி, அன்னாசிக் காடுகளுக்கும் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டங்களுக்கும் போகிற செம்மண் ரோட்டை ரெயில் பாதை குறுக்கே வெட்டுகிற இடத்தில் ஒரு கேட் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், தார் பூசிய பலகையால் கட்டிய ஒற்றை அறை வீடு. 1924-ஆம் வருஷத்திலிருந்து அதில் சின்னத்தம்பி குடியிருந்தார். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ரெயில்வே கூலி. தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டை ஒன்று இடது பாதத்தில் விழுந்து விரல்களை நசுக்கியது. கால் தாங்கி நடந்தவருக்கு, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்லி இந்தக் கேட்டைக் கொடுத்தார்கள்.

உட்கார்ந்த வேலை என்று சொன்னவர்கள் ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். பகலில் ஆறு ரெயில் வண்டி, இருட்டிய பிறகு இரண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டைச் சாத்தி, பச்சைக் கொடி பிடித்து, வண்டி போனதும் திறந்துவிட வேண்டும். நடுவில் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதற்காக எங்கேயும் போய்விடவும் கூடாது. ரெயிலில் போகிறவர்கள் சன்னல் வழியாக அவரைப் பார்ப்பார்கள். முகத்தைப் பார்ப்பதற்குள் வண்டி போய்விடும். மாட்டு வண்டிக்காரர்கள் அவசரத்தில் இருப்பார்கள். இப்படியே ஒரு நாள் முழுக்க ஆயிரம் பேரைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போகலாம். பல நாள் அப்படித்தான் போனார்.

முதல் இரண்டு வருஷம் மட்டும் அப்படி இல்லை. ஞானவடிவு இருந்தாள்.

ஞானவடிவு திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரி. தோட்டத்தில் பால் வெட்ட வந்த இடத்தில் சின்னத்தம்பியைக் கட்டிக்கொண்டாள். மாரியம்மனுக்குத் தீ மிதித்தவனுக்குக் கழுத்தை நீட்டினாளே என்று அவள் சனங்கள் தலைமுழுகிவிட்டார்கள். அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளை இல்லை, அதைத்தான் பெரிதாக நினைத்தாள். கேட்டு வீட்டுக்கு வந்த பிறகு, சாயங்காலம் ஐந்தேகால் வண்டி போனதும், வாசற்படியில் உட்கார்ந்து வேதத்தை முதல் பக்கத்திலிருந்து அவருக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். சின்னத்தம்பிக்கு எழுத்து தெரியாது. அவளுக்கும் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு வரியை இரண்டு தரம் வாசிப்பாள். அவர் அதற்கு நாலு கேள்வி கேட்பார். "இப்பிடிக் கேட்டுக்கிட்டே இருந்தா எப்பங்க முடிக்கிறது?" என்பாள். "யாரு அவசரப்படுத்துறா?" என்பார்.

அவள் அவரை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தக் காலத்தில் எந்தப் பெண் கூப்பிட்டாள்? சோறு ஆனதும் வாசலில் வந்து நின்று, "எங்க இருக்கீங்க?" என்று குரல் கொடுப்பாள். பத்தடி தள்ளி, கேட்டுக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு அவள் கண்ணுக்கு முன்னால்தான் இருப்பார். இருந்தாலும் அப்படித்தான் கேட்பாள். அவரும் புதிதாக யாரோ தன்னைத் தேடுகிற மாதிரி எழுந்து வருவார்.

மெதுவாக, மிக மெதுவாக, படைப்பும் தோட்டமும் பழமும் பாம்பும் முடிந்து, மனிதனையும் மனுஷியையும் வெளியே அனுப்பிவிட்டுத் தோட்டத்து வாசலில் காவல் போட்ட இடம் வரைக்கும் வந்தாள். மூன்று அதிகாரம். மறுநாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பன்னிரண்டாம் நாள், 1926 நவம்பரில், போய்விட்டாள்.

ஜோகூர் பாருவில் அவளுடைய சபைக்கு ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அங்கேதான் அடக்கம். சடங்கை நடத்தியவர் பாதிரியார் சோமசேகரம், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதைத் தொடுகிறவர், மெலிந்த உடம்பு, வெள்ளைக் கோட்டு. மண் தள்ளி முடிந்ததும் சின்னத்தம்பி அவரிடம் போய் நின்றார்.

"ஐயா, இவ பக்கத்துல இருக்கிற எடத்தை எனக்குன்னு வெச்சிருங்க."

பாதிரியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஞானஸ்நானம் எடுத்தவைக்குத்தான் இஞ்சை இடம். நீர் எடுக்கேல்லையே."

"எடுத்துக்கிறேன் ஐயா."

"சும்மா எடுக்கேலாது. பன்னிரண்டு கேள்வி இருக்கு. பதில் சொல்லவேணும். மாசத்திலை முதல் சனி நான் உம்முடைய கேட்டைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போறன். வந்து கேக்கிறன்."

தன் உடம்பு கடைசியில் எங்கே கிடக்கும் என்பது மட்டும்தான் அப்போது சின்னத்தம்பியின் கவலை. பன்னிரண்டு கேள்வி என்ன, நூறு கேள்வி என்றாலும் தலையாட்டியிருப்பார்.

சொன்னபடி முதல் சனிக்கிழமை பாதிரியார் வந்தார். சைக்கிள், சோலாத் தொப்பி, சைக்கிள் பாரில் கட்டிய குடை. தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை. அதற்கு முந்தின சாயங்காலமே போய்த் தங்குவது வழக்கம். அவர் வந்த நேரம் ஐந்தேகால் வண்டிக்காகக் கேட் சாத்தியிருந்தது. சைக்கிளைச் சாய்த்து வைத்தார். சின்னத்தம்பி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தகரக் குவளை இரண்டில் கோப்பி கலந்தார். இரண்டாவது குவளை ஞானவடிவு குடித்தது.

முதல் மூன்று கேள்விக்கும் பதில் தண்ணீர்பட்ட பாடு. ஞானவடிவு எப்போதோ சொல்லிக்கொடுத்தது.

"நாலாவது. கடவுள் மனுசரை என்னத்துக்குப் படைச்சார்?"

"தனியா இருக்க முடியலைங்க ஐயா."

"ஆருக்கு?"

"கடவுளுக்குத்தான்."

பாதிரியார் குவளையைக் கீழே வைத்தார். "தமது மகிமை விளங்கும்படி படைத்தார். அதுதான் பதில். தனிமை எண்டு ஆர் சொன்னது?"

"வேதத்துல இருக்குங்களே ஐயா. மொதக் கதையில அவரு பெரிய தொரை மாதிரி. நின்ன எடத்துல இருந்து வாயால சொல்றாரு, எல்லாம் ஆகுது. கடேசியில ஆணையும் பொண்ணையும் சேத்து உண்டாக்கிட்டு, எல்லாம் நல்லாருக்குன்னு ஒக்காந்துடுறாரு. ரெண்டாங் கதை அப்பிடி இல்ல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கீழ எறங்கிட்டாரு. கையால மண்ணைப் பெசையிறாரு, மூக்குல ஊதுறாரு, மரம் நடுறாரு. நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தவரு, அங்கதான் மொத மொதல்ல ஒண்ணைப் பாத்து நல்லால்லேங்கிறாரு. எதைப் பாத்து? மனுசன் ஒத்தையில நிக்கிறதைப் பாத்து. ஒத்தையில நின்னு பாக்காதவருக்கு அது நல்லால்லேன்னு எப்பிடிங்க தெரியும்?"

பாதிரியார் வேதக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவர். இரண்டு கதைகள் என்று அங்கே வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் தடித் தடிப் புத்தகம் வைத்துக்கொண்டு சொன்னதை இங்கே ஒரு கேட்டுக்காரர் கொடியைச் சுருட்டிக்கொண்டே சொல்கிறார்.

"கடவுளுக்கு ஒரு குறையும் இல்லைக் காணும். குறை இருந்தால் அவர் கடவுளே இல்லை. பிழையான பதில். அடுத்த மாசம் பாப்பம்."

வண்டி வந்தது, போனது. கேட் திறந்தது. பாதிரியார் சைக்கிளில் ஏறிப் போனார். அன்றைக்குச் சின்னத்தம்பி படுக்கும்போது, தொண்டை லேசாக வலித்தது. பேசிப் பேசி வந்த வலி. அது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வருஷம் முழுக்க நாலாவது கேள்வியைத் தாண்டவில்லை. ஒரு மாசம் மிருகங்கள். கடவுள் ஒவ்வொரு மிருகமாக மனிதன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, என்ன பேர் வைக்கிறான் என்று பார்த்தாரே, அவருக்கு வேறு சோலி இல்லையா என்று சின்னத்தம்பி கேட்டார். "பேரு வைக்கத் தெரியாமயா ஐயா? பக்கத்துல நிக்க ஒரு சாக்கு வேணும்ல?" இன்னொரு மாசம் விலா எலும்பு. வேறொரு மாசம் தோட்டத்து வாசலில் நெருப்பு வாளோடு நிற்கிற காவல். அந்தக் காவல்காரர்மேல் சின்னத்தம்பிக்குத் தனிப் பிரியம்.

"அவரும் நம்மாளுதாங்க. கேட்டுக்காரரு. பாவம், எப்பவும் சாத்துன கேட்டு. வண்டியும் வராது. தொறன்னு யாரும் வந்து சொல்லலையா ஐயா, பின்னாடி?"

"அதுக்குத்தான் மிச்ச வேதம் முழுக்க இருக்கு. வாரும், வாசிச்சுக் காட்டுறன்."

"வேணாங்க. அவ விட்ட எடத்துலயே நின்னுக்கிறேன்."

பாதிரியாருக்குக் கோபம் வரும். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள்வார். ஆனால் வண்டி போகாமல் கேட் திறக்காதே. மறுபடி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "சரி, சொல்லும்" என்பார்.

அவர்களுடைய பெரிய சண்டை 1928 மார்ச்சில் நடந்தது. பழம் தின்ற பிறகு மனிதன் ஒளிந்துகொள்கிறான். சாயங்காலக் காற்றில் கடவுள் உலாவ வந்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார். அது குற்றவாளியை நீதிபதி கூப்பிடுகிற அழைப்பு என்றார் பாதிரியார். கடவுளுக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியும். அவன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளட்டும் என்று கேட்கிறார்.

சின்னத்தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "கோர்ட்டுல அப்பிடியா கூப்பிடுறான்? பேரைச் சொல்லி மூணு தரம் கத்துவான். இவரு பேரே சொல்லலையே ஐயா! எங்க இருக்கேன்னு மட்டும் கேக்குறாரு. எங்க வீட்டுல அவ அப்பிடித்தான் கூப்பிடுவா. நான் எதுத்தாப்புலதான் நிப்பேன். தெரிஞ்சேதான் கேப்பா. சோறு ஆறிடும், வாங்கன்னு அர்த்தம். சாயங்காலம் வழக்கமா வர்ற எடத்துக்கு அவரு வந்திருக்காரு. அவனைக் காணோம். வேற என்னத்தக் கேப்பாரு?"

சொல்லிவிட்டு அழுதார். ஞானவடிவு போனதிலிருந்து அவர் மனிதர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. பாதிரியார் தன் கைக்குட்டையை நீட்டினார். அன்றைக்குப் பிழை என்று சொல்லவில்லை. அடுத்த மாசம் பாப்பம் என்று மட்டும் சொன்னார்.

அதே மாசம் தோட்டத்துக் கங்காணி லெட்சுமணன் கேட்டில் வந்து நின்றார். அவரும் ஞானஸ்நானத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஒரே தவணையில் பன்னிரண்டையும் ஒப்பித்து, தலையில் தண்ணீரும் வாங்கிவிட்டார்.

"அப்பாடா, முடிஞ்சிருச்சுய்யா. முன்னாடி மாசாமாசம் வீட்டுக்கு வந்து கொடஞ்சு எடுப்பாரு. இப்ப எட்டிப் பாக்குறது இல்ல. ஞாயித்துக்கெழம கூட்டத்தோட கூட்டமா ஒரு கும்பிடு, அவ்வளவுதான். நீயும் அந்த ஒரு வரியச் சொல்லித் தொலைச்சா என்ன? ஐயா ஒன் தொல்லையில இருந்து தப்பிச்சு, நேரா தோட்டத்து ரோட்டைப் புடிப்பாரு."

லெட்சுமணன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சின்னத்தம்பி கொடியை எடுத்து இன்னொரு தரம் சுருட்டினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்கூட அவருக்குக் கிடையாது. ஞாயிறும் ரெயில் ஓடும். கேட்டை விட்டுப் போக முடியாது. நாலாவது கேள்வி முடிந்தால் மிச்சம் எட்டும் இரண்டே மாசத்தில் முடியும். அதற்குப் பிறகு முதல் சனி எதற்கு? குவளை இரண்டு எதற்கு?

அந்த ஒற்றை வரி அவருக்கு எப்போதோ பாடமாகிவிட்டது. தமது மகிமை விளங்கும்படி. கேட்டுக்கும் வீட்டுக்கும் நடக்கும்போது வாய் தானாக முணுமுணுக்கும். அந்த வரி பொய் என்றும் அவர் நினைக்கவில்லை. சொன்னால் ஞானவடிவு பக்கத்தில் ஆறடி மண். சொல்லாவிட்டால் மாசத்துக்கு ஒருமுறை ஒரு மனிதக் குரல். செத்த பிறகு வரப்போகிற துணைக்கு இப்போது இருக்கிற துணையை விலையாகக் கேட்கிறார்களே என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கடவுள்மேல் இருக்கலாம். ஆனாலும், ஒத்தையில் இருந்து பார்த்தவர், புரிந்துகொள்வார் என்று ஒரு நம்பிக்கை.

ஆக, தெரிந்தே தப்பாகச் சொன்னார். மாசாமாசம் சொன்னார்.

அது போதாதென்று, முதல் சனிக்கிழமைகளில் ஐந்தேகால் வண்டிக்கு நாலே முக்காலுக்கே கேட்டைச் சாத்த ஆரம்பித்தார். பாதிரியார் தவறி முன்னாலேயே வந்து, திறந்த கேட்டில் நிற்காமல் போய்விட்டால்? அந்தப் பயம். பத்து நிமிஷத்துக்கு முன்னால் சாத்தினால் போதும் என்பது சட்டம். இந்தப் பக்கம் நாலு மாட்டு வண்டி, அந்தப் பக்கம் அ ஹோக் என்கிற சீனருடைய அன்னாசி லாரி. தொழிற்சாலையில் பழம் இறக்குகிற நேரம் தவறுகிறது. அ ஹோக் லாரியை விட்டு இறங்கி, "தம்பி, அப்பா பசால் துத்தோப்?" என்று கத்துவார். எதற்காக மூடினாய் என்கிற அந்தக் கேள்விக்குச் சின்னத்தம்பி வானத்தைப் பார்ப்பார். வண்டிக்காரர்கள் கோபம் தணிந்து, கடவுளுக்குத் தனிமை உண்டா இல்லையா என்கிற வழக்கை மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டுப் பழகிவிட்டார்கள். அ ஹோக்குக்குத் தமிழ் புரியாது. அவர் ஸ்டேஷனில் போய்ப் பிராது கொடுத்துவிட்டார்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்து, இன்னொரு தடவை நடந்தால் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றார். அடுத்த முதல் சனி, கேட் சரியான நேரம் வரைக்கும் திறந்தே கிடந்தது. சின்னத்தம்பி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியார் ஐந்துக்கு முன்னாலேயே வந்தார். திறந்த கேட்டுக்கு முன்னால் இறங்கி, சைக்கிளை வழக்கமான இடத்தில் சாய்த்தார்.

"கேட் திறந்திருந்தாலும் நான் நிப்பன் காணும்," என்றார். "நீர் பாஸ் பண்ணும் வரைக்கும் நான் இஞ்சை இறங்கத்தானே வேணும்."

முதல் பாதி சின்னத்தம்பியின் நெஞ்சைக் குளிர வைத்தது. இரண்டாம் பாதி அவர் வாயை இன்னும் இறுகப் பூட்டியது.

1930 கடைசியில் சின்னத்தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து ஒன்பது நாள் கேட்டைப் பார்த்துக்கொண்டார். பலகைச் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது முதல் தடவையாகப் பயம் பிடித்தது. இப்படியே போய்விட்டால்? தோட்டத்துச் சுடுகாட்டில் யாரோ கொள்ளி வைப்பார்கள். ஞானவடிவு ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நடுவில் தனியாகக் கிடப்பாள். நாலு வருஷமாகத் தன் வாய்க்கு ருசியாகப் பேச்சு வேண்டும் என்று அவளைக் காக்க வைத்துவிட்டேனே என்று நொந்துகொண்டார். எழுந்து உட்கார்ந்ததும் முதல் தீர்மானம், வருகிற சனிக்கிழமை அந்த வரியைச் சொல்லிவிடுவது.

அந்தச் சனிக்கிழமை பாதிரியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். கோட்டுப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலாவது," என்றார். முதல் மூன்றைக் கேட்கவே இல்லை. "கடவுள் மனுசரை என்னத்துக்குப் படைச்சார்?"

"ஒடம்புக்கு என்னங்க ஐயா?"

"ஊரிலையிருந்து காயிதம் வந்தது. என்ரை மனுசி செத்துப்போனா. அடக்கம் முடிஞ்சு பதினாறு நாளாச்சு. நான் எட்டு வருஷமாக் காணேல்லை அவவை. நீர் பதிலைச் சொல்லும்."

சின்னத்தம்பி வாயைத் திறந்தார். வரி நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எதிரே இருக்கிற இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது அதை?

"தனியா இருக்க முடியலைங்க ஐயா," என்றார்.

பாதிரியார் பிழை என்று சொல்லவில்லை. அடுத்த மாசம் பாப்பம் என்றும் சொல்லவில்லை. ஐந்தேகால் வண்டி வந்து போயிற்று. சின்னத்தம்பி கேட்டைத் திறந்துவிட்டு வந்தபோது பாதிரியார் அதே ஸ்டூலில் இருந்தார். இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வருஷம் கித்தா விலை அதலபாதாளத்துக்குப் போனது. தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயங்களில் பாதி காலி. சனங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சபைக்கு வெளியூரிலிருந்து வந்த உதவி நின்றது. பாதிரியாரை யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். 1931 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் சனிக்குக் காத்திராமல், பாதிரியார் கேட்டுக்கு வந்தார். கையில் தோல் பை. பின்னால் சாட்சிக்கு லெட்சுமணன்.

"வியாழக்கிழமை கப்பல்," என்றார். "தண்ணி கொண்டுவாரும்."

"கேள்வி கேக்கலையே ஐயா."

"உமக்குப் பதில் தெரியும். மூண்டு வருஷமா எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும் எண்டு. ஒருநாள் வரேக்கை நீர் கேட்டைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்ததைக் கேட்டனான். ஒரு எழுத்துப் பிசகேல்லை."

சின்னத்தம்பிக்குத் தலை குனிந்துவிட்டது. "அப்பறம் ஏங்க ஐயா வந்தீங்க?" என்று கேட்டார்.

பாதிரியார் தண்டவாளத்தைப் பார்த்தார். "கேட் பூட்டியிருந்தது," என்றார்.

லெட்சுமணன் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு குவளை கொண்டுவந்தார்கள். ஞானவடிவின் குவளைதான் கைக்கு வந்தது. என்ன பேர் வைப்பது என்று பாதிரியார் கேட்டார். இருக்கிற பேரே போதும், புதுப் பேர் வைத்தால் அவளுக்கு அடையாளம் தெரியாது என்றார் சின்னத்தம்பி. பாதிரியார் தலையில் ஊற்றிய தண்ணீரில் பாதி சட்டையில் போயிற்று. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினார். இன்னார், ஞானஸ்நானம் பெற்றவர். அடக்கத்துக்கு இன்ன இடம் இவருக்கு. கீழே கையெழுத்து.

ரோட்டில் பாதிரியாரின் தொப்பி மறைகிற வரைக்கும் சின்னத்தம்பி பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்துதான் கிடந்தது. சாத்துவதற்கு அப்போது வண்டி எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது, ஸ்டேஷன் மாஸ்டர் வாசித்துச் சொன்னார். அப்புறம் அதுவும் இல்லை. புதுப் பாதிரியார் பஸ்ஸில் போகிறவர். முதல் சனிக்கிழமைகளில் சின்னத்தம்பி பழக்கத்தை விடவில்லை. ஐந்து மணிக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, இரண்டு குவளை கோப்பி வைத்து, நாலாவது கேள்வியைத் தானே கேட்டுக்கொள்வார். இனிமேல் சரியான பதிலைச் சொல்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் தப்பான பதிலைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ரோட்டைப் பார்ப்பார். வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்துக்கு வந்து, ஆளைக் காணாமல் நின்றவருடைய மனசு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக விளங்கியது. இத்தனை வருஷம் வாதாடியதில்கூட அவ்வளவு விளங்கவில்லை. விளங்கி என்ன, சொல்லத்தான் ஆள் இல்லை. இரண்டாவது குவளையையும் அவரே குடிப்பார்.

இன்றைக்கு அவர் ஞானவடிவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். தகரப் பெட்டியில் அந்தத் தாள் பத்திரமாக இருந்தது. புதுப் பாதிரியார் மறுபேச்சுப் பேசவில்லை. அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அ ஹோக்கின் லாரி. அன்னாசியை இறக்கிவிட்டு, சாக்கை விரித்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாராம்.

அவர் போன சாயங்காலம், 1935-ஆம் வருஷம், கேட்டைச் சரியான நேரத்துக்குச் சாத்தியிருந்தார். ஐந்தேகால் வண்டியின் கார்டு, பச்சைக் கொடியை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். வண்டி போய்க் கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. கேட் திறக்கவில்லை. வெயில் தாழ்ந்து காற்று வர ஆரம்பித்திருந்தது. வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். அ ஹோக் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு லாரியை விட்டு இறங்கி, சாத்திய கேட்டில் கை வைத்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த மலாயில் கூப்பிட்டார். பிராது கொடுத்த நாளில் கத்திய குரலில் இல்லை; நேரமாகிவிட்டதே என்று வீட்டாளைத் தேடுகிற குரலில். ஸ்டூல் பத்தடி தூரத்தில், கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அவரும் அதில்தான் இருந்தார்.

"லூ மானா?" என்று கூப்பிட்டார் அ ஹோக். எங்கே இருக்கிறாய்?